காய்ந்த இலைகளைத் தொட்டியில் புதைத்தேன்; இலை மக்கினால் உரம்தானே, பிறகு ஏன் கத்தரிச்செடி மஞ்சளாகிவிட்டது?

இலை உரம்தான். ஆனால் அதைச் செடி நேராகத் தின்பதில்லை. முதல் பந்தி பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும்தான்.

இந்த நுண்ணுயிர்களுக்கு ஏறக்குறைய 25 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) 1 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். காய்ந்த சருகில் கரிமம் 50 பங்குக்கும் மேல், வைக்கோலில் 80 வரை, மரத்தூளில் பல நூறு. பற்றாக்குறைத் தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் கத்தரி பட்டினி கிடந்தது அதனால்தான். அடி இலைகள்தானே முதலில் வெளுத்தன? தழைச்சத்துக் குறையின் அடையாளம் அது. நுண்ணுயிர்கள் மடியும்போதும், மண்புழுவும் மற்ற சிற்றுயிர்களும் அவற்றைத் தின்று கழிக்கும்போதும் அந்தச் சத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் வேருக்குத் திரும்பும். அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம்.

வயலில் கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதை யோசித்துப் பாருங்கள். இளம் தண்டு, பச்சைத் தழை. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தந்த தழைச்சத்தும் அதில் உண்டு. அதனால் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. முற்றவிட்டால் தண்டு நார்பிடித்து, மக்க நாளாகும்.

இப்போதைக்குச் சருகை வெளியே எடுத்து மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்புங்கள். மேலே கிடந்தால் இந்தப் பிடுங்கல் மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும். நன்கு மக்கிய சாணம் இரண்டு கை போடுங்கள். இனிச் சேரும் சருகைச் சமையலறைக் காய்த்தோலோடு கலந்து தனியாக மக்கவிடுங்கள். பிழிந்த துணிபோல் ஈரம் இருக்கட்டும். சொதசொதவென்றிருந்தால் காற்றில்லாமல் நாறும்.