கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது, மதர்போர்டை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2018இல் அசெம்பிள் செய்தது. எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சில மாதங்களாக அடிக்கடி ஹேங் ஆகிறது. மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது. ஓரிரு நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகும். சில நேரம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடிதான். இப்போது மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? பிள்ளைகளின் சிறுவயதுப் போட்டோ எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் போட்டோக்களை இன்றைக்கே ஒரு வெளிப்புற டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு ஹார்டு டிஸ்க் மேல்தான் சந்தேகம். அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுங்கள். ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும். மறுபடி ஆன் செய்யாமல் டேட்டா மீட்டுத் தருபவர்களிடம் கொண்டுபோங்கள். நகல் எடுத்து முடியும்வரை ஃபார்மட், செக் டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடுவது), டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) எதுவும் வேண்டாம். நலிந்த டிஸ்க்கை இவை இன்னும் கடுமையாக வேலை வாங்கும்.

சரி, ஏன் டிஸ்க் என்று சொல்கிறேன்? மவுஸ் அம்பு நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக மீள்கிறது என்றால் பிராசசரும் மதர்போர்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் ஏதோ ஒரு ஃபைலுக்காகக் காத்திருக்கிறது. டிஸ்க்கில் ஓரிடம் பழுதாகிவிட்டால், படிக்க முடியவில்லை என்று அது உடனே கைவிடாது, திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதுவரை மற்ற புரோகிராம்கள் கேட்டதெல்லாம் பின்னால் தேங்கிவிடும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை பதியாவிட்டால் வரிசை முழுக்க நிற்கிறதே, அது மாதிரி.

ஃபார்மட் செய்ததும் சில வாரம் நன்றாக ஓடுவதற்கும் காரணம் இருக்கிறது. படிக்க முடியாத இடத்தின் மேல் புதிதாக எழுதும்போது, அது தேறாது என்று தெரிந்தால் டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுத் தன்னிடமுள்ள உபரி இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது இது நடக்கிறது. ஆனால் தேய்மானம் நிற்பதில்லை, வேறு இடங்கள் பழுதாகும். அதனால் ஃபார்மட் செய்ததும் சரியாகித் திரும்பவும் வருகிற ஹேங் என்றால் நான் முதலில் பார்ப்பது டிஸ்க்கைத்தான்.

இதை நீங்களே உறுதி செய்யலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். திறந்ததும் டிஸ்க்கின் நிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும். நிறத்தோடு நின்றுவிடாமல் 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ் கவுண்ட்', 'கரண்ட் பெண்டிங் செக்டர் கவுண்ட்' என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். முதலாவது, டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்ட இடங்களின் எண்ணிக்கை. இரண்டு வரிகளிலும் கடைசிக் கட்டத்தில் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால், படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள் இப்போதே இருக்கின்றன என்று பொருள். இந்த இரண்டும் சுத்தமாக இருந்து 'அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்' மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். போர்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள்தான் சரியில்லை. அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழே 'சிஸ்டம்' பகுதியையும் பாருங்கள். ஹேங் ஆன நேரத்தில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7 அல்லது 153 என்ற எண் பதிவாகியிருந்தால் அது முக்கியமான சாட்சி. 7 என்பது பழுதான இடம், 153 என்பது மறுமுயற்சி. அதே பட்டியலில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகும். முறைப்படி அணைக்காமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இதை மட்டும் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

மதர்போர்டா இல்லையா என்பதற்கு இன்னும் நேரடியான சோதனை ஒன்று உண்டு. வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றுங்கள். பிறகு ஆன் செய்து எஃப்12, எஃப்11, எஃப்8 இவற்றில் உங்கள் போர்டுக்கு எதுவோ அதை அழுத்திப் பென்டிரைவிலிருந்து தொடங்குங்கள். எதையும் நிறுவ வேண்டாம், அப்படியே ஓடும். 4 ஜிபி ரேம்தான் என்பதால் பிரவுசரில் ஓரிரு டேப் மட்டும் திறந்து, ஒரு மாலை முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள். டிஸ்க் இல்லாமல் ஒரு முறைகூட நிற்காமல் ஓடினால் மதர்போர்டுக்குப் பணம் கொடுக்க எந்த அவசியமும் இல்லை. கடைக்காரரிடமும் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் என்றால் ஒப்புக்கொள்வார்.

அதிலும் உறைந்தால் கதை வேறு. மவுஸ் அம்பும் அசையாமல், கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கும் மாறாமல் போனால் முதலில் ரேம். மின் இணைப்பை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, கிளிப் இரண்டும் பூட்டும்வரை மறுபடி பொருத்துங்கள். வேறு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையில் வேறொரு ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்டு இதற்கெல்லாம் பிறகுதான். சூட்டைப் பலரும் காரணம் சொல்வார்கள். சூடு கூடினால் பெரும்பாலும் வேகம் குறையும், இல்லையென்றால் பட்டென்று அணைந்துவிடும். ஓரிரு நிமிடம் நின்று பிறகு மீள்வது அதன் வழக்கம் இல்லை.

டிஸ்க்தான் என்று உறுதியானால் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய வேண்டாம். பழுதான இடங்களில் அது பாதியில் நிற்கும். விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் இந்த வாய்ப்பிலேயே விண்டோஸ் 11க்குப் போய்விடலாம். உங்கள் எட்டாம் தலைமுறை ஐ3 அதற்குத் தகுதியானதுதான். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 'இன்டெல் பிடிடி' என்ற பாதுகாப்பு வசதியை மட்டும் இயக்க வேண்டியிருக்கலாம். மதர்போர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு 4 ஜிபி ரேமும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியில் பிரவுசர் திறந்தாலே இடம் நிறைந்துவிடும், மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் கொட்டி எடுக்கும். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே திணறுவதற்கு அது போதும்.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஏதாவது போட்டோ விட்டுப்போயிருந்தால் எடுக்க வேண்டி வரும். ஆனால் புதிதாக எதையும் அதில் சேமிக்கவும் வேண்டாம்.