மொட்டைமாடிக் கவிஞர்களும் முப்பது காசு யூனிட்டும்

கேள்வி: எங்கள் வீடு சிங்கப்பூரில், அங் மோ கியோவில். படுக்கையறை மேற்குப் பார்த்தது. ஊரில் மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்தால் ஏர்கோன் இல்லாமலே விடியவிடியத் தூங்குவோம். இங்கே ஏர்கோன் போட்டால் பியூபி பில் (மின்சார, தண்ணீர்க் கட்டணம்) எகிறுகிறது, போடாவிட்டால் தூக்கம் வருவதில்லை. அதிகச் செலவில்லாமல் இரவு முழுக்க அறையைக் குளிர்ச்சியாக வைக்க என்ன வழி? ஃபேனுக்கு முன்னால் ஒரு சட்டியில் ஐஸ் வைத்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஏர்கோனைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். நடுவில் மொட்டைமாடியைக் கொண்டுவந்துவிட்டீர்கள். இனி அனுபவியுங்கள்.

இந்த இதழுக்கு வரும் கவிதைகளில் பாதிக்கு மேல் மொட்டைமாடியில்தான் நடக்கின்றன. அங்கே ஒரு கயிற்றுக்கட்டில், கட்டிலில் பாட்டி, பாட்டிக்கு மேலே நிலா. அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் பொங்கோல், பதினாறாவது மாடி. அவர் புளோக்கிலும் மொட்டைமாடி உண்டு. அதற்குப் போகும் கதவில் பூட்டுத் தொங்குவது அவருக்குத் தெரியாது, லிஃப்ட் அதுவரை போவதில்லை. "ஐயா, புளோக்குக்குக் கீழே திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் காற்று வாங்கிக்கொண்டு செஸ் ஆடுகிறார்களே, அவர்களை எழுதுங்களேன்" என்று ஒரு கவிஞருக்குப் பதில் போட்டேன். கவிதையின் ஆன்மா எனக்குப் பிடிபடவில்லை என்று மூன்று பக்கத்துக்குப் பொரிந்து தள்ளினார். அந்த மூன்று பக்கம் கவிதையைவிடப் பிரமாதம். "இதையே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். அன்று முதல் நூலக வாசலில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.

உங்கள் மொட்டைமாடி குளிர்ந்ததற்கான புண்ணியத்தை வானத்துக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கோடை இரவுக் காற்று வறண்டிருக்கும், மேகம் இருக்காது. பகலில் வாங்கிய சூட்டைத் தளம் அப்படியே மேலே விட்டுவிடும். (மெட்ராஸ்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். மே மாதத்தில் அங்கே மாடியும் பிசுபிசுக்கும்.) பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே குடியிருக்கும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேகமும் ஈரப்பதமும் கம்பளி போர்த்தியதுபோல ஊரை மூடிக்கொள்கின்றன. பகலில் 31, 32 டிகிரி என்றால் இரவில் 24, 25. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சில இரவுகளில் 27க்குக் கீழே இறங்க மறுக்கும். உங்கள் பேட்டைக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவில் பதிவான 37 டிகிரி உச்சத்தை, 2023 மே 13 அன்று அங் மோ கியோதான் எட்டிப்பிடித்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். தேசிய சுற்றுப்புற வாரியம் ஏர்கோனை 25ல் வையுங்கள் என்கிறது. நல்ல ராத்திரியில், பின்னிரவு மூன்று மணிக்கு, உங்கள் சன்னலுக்கு வெளியே இருப்பதும் ஏறக்குறைய அதே 25தான். உள்ளே மட்டும் ஏன் வேகிறது? இன்று இரவு சாப்பிட்டதும் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பிறகு எதிர்ச்சுவரில் வையுங்கள். மத்தியானமெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், நீங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்து அதை நிதானமாக உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே இரவு பத்து மணிக்கு ரிமோட்டைத் தேடுவது காலம் கடந்த வேலை. பகல் ஒரு மணிக்கே வெளிர்நிறத் தடித்த திரையை இழுத்துவிட வேண்டும். ஏழு மணிக்குச் சூரியன் இறங்கியதும் சன்னல், அறைக்கதவு, கூடத்துச் சன்னல் மூன்றையும் திறந்து காற்றுக்கு வழி விட வேண்டும். கொசுவுக்கு வலை அடியுங்கள். கட்டிலை அந்தச் சுவரைவிட்டு நகர்த்துங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறையில் உலர்த்துகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். துணியிலிருந்து போகும் ஈரமெல்லாம் அந்த அறைக் காற்றில்தான் ஏறுகிறது.

ஃபேன் அறையைக் குளிர்விக்காது, உங்களைத்தான் குளிர்விக்கும். வியர்வையை ஆறவைத்து இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல உணரவைக்கும். ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டுவிட்டுப் போகிறவர்கள் கட்டிலுக்குக் காற்று வீசுகிறார்கள். கணக்கு இதுதான்: சாதாரண ஃபேன் 60 வாட், எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிட் சுமார் 30 காசு என்றால் இரவுக்கு 15 காசு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி ஃபேனில் அதுவும் பாதியாகும். படுக்கையறை ஏர்கோன் சராசரியாக 600 வாட் இழுத்தால் ஓர் இரவுக்கு 1 வெள்ளி 44 காசு, மாதத்துக்கு 43 வெள்ளி. அதை 18ல் வைத்துவிட்டு தடித்த கம்பளிக்குள் சுருண்டு படுப்பவர்கள் சொந்தக் காசில் குலு மணாலிக்குப் போவது உத்தமம். 2024 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் மிச்சம்பிடிக்கும் சாதனங்கள் வாங்க 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். டிசி ஃபேனும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்களுடையது பயன்படுத்தாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஏர்கோனே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, தொழில் பாசம். அந்த யந்திரம் பிறந்ததே எங்கள் ஆட்களுக்காக. 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். கோடைப் புழுக்கத்தில் தாள் ஈரம் குடித்து உப்பும். ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் வண்ணங்கள் இடம் மாறி விழும். அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இளைஞர் போட்ட திட்டம்தான் இன்றைய ஏர்கோன். தாளுக்குச் செய்த உபசாரத்தை மனிதர்கள் பிறகு பங்கு போட்டுக்கொண்டார்கள். 1999ல், முடியப்போகும் ஆயிரமாண்டில் உலகை அதிகம் மாற்றிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டபோது திரு லீ குவான் இயூ ஏர்கோனைத்தான் சொன்னார். பிரதமரானதும் முதலில் அரசாங்க அலுவலகங்களில் அதை மாட்டினார். அதன் விளைவாக இன்று நம் இலக்கியக் கூட்டங்களில் அரங்கமே சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. சிறப்புப் பேச்சாளருக்கு விழும் கைதட்டலில் பாதி, உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சி. அரங்க நிர்வாகிகளிடம் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லிவருகிறேன். அடுத்த கூட்டத்தில் இன்னும் ஒரு டிகிரி குறைகிறது.

கேரியர் முதலில் பிடிக்கப் போனது ஈரத்தை. உங்கள் எதிரியும் அதுதான். ரிமோட்டில் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு, பலர் அதைத் தொட்டதே இல்லை. அதைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 26ல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு டைமர் வையுங்கள். தூங்கும்வரைதான் பாடு, அப்புறம் ஃபேன் பார்த்துக்கொள்ளும். ஏர்கோன் நின்ற பிறகும் சன்னலை அடைத்தே வைத்திருந்தால் மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து எனக்குத்தான் திட்டுக் கடிதம் எழுதுவீர்கள். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே குழாயடியில் கழுவலாம், அதற்கு ஆள் வேண்டாம்.

ஐஸ் விஷயம். ஒரு கிலோ ஐஸ் முழுக்க உருகினால் அறையிலிருந்து எடுக்கும் சூடு, படுக்கையறைக்கு மாட்டும் 9000 பிடியூ ஏர்கோன் இரண்டே நிமிடத்தில் எடுக்கும் சூடு. அந்த ஐஸை உறையவைத்தபோது குளிர்சாதனப் பெட்டி அதே சூட்டை, கொஞ்சம் வட்டியோடு, உங்கள் அடுப்படியில் கொட்டியிருக்கும். உருகிய நீர் ஆவியானால் ஈரப்பதம் வேறு கூடும். மதுரையில் நன்றாக வேலை செய்கிற ஏர்கூலர் இங்கே பல்லிளிப்பதும் இதே ஈரத்தால்தான். எனவே ஐஸை நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடியுங்கள். சர்க்கரையைப் பற்றிப் பிடோக் வாசகர் கேட்டிருக்கிறார், அடுத்த கேள்வி அதுதான்.