நியூ ஜெர்சியா, டெக்சஸா? மகனின் படிப்பை நினைத்துத் தூக்கம் வராத ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பியிருந்த அட்டவணையையும் இரண்டு முறை படித்தேன். இப்போது இருப்பது நியூ ஜெர்சி, கணவருக்கு டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் வேலை மாற்றல். மகன் எட்டாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. "நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கிற மாநிலத்தை விட்டுவிட்டு, ரேங்க் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிற மாநிலத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அட்டவணையில் நீங்கள் அடுக்கியிருக்கும் எண்களில் பாதிக்கு மேல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாதவை. நீங்கள் உண்மையாகவே யோசிக்க வேண்டிய ஒன்று அந்த அட்டவணையில் இடமே பெறவில்லை. முதலில் எண்களை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

இப்போதைய பள்ளியில் மாநிலத் தேர்வில் தேறியவர்கள் 60 சதவீதம், டெக்சஸில் பார்த்து வைத்திருக்கும் பள்ளியில் 85 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். "அப்படியென்றால் டெக்சஸ் பள்ளிதான் நல்லதா?" என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறீர்கள். இந்த ஒப்பீடு செல்லாது. 3 முதல் 8 வரை எல்லா வகுப்பிலும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும் என்று 2002-இல் கையெழுத்தான மத்தியச் சட்டம் சொன்னது. 2015-இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் எந்தக் கேள்வித்தாள், எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம். நியூ ஜெர்சியின் என்.ஜே.எஸ்.எல்.ஏ தேர்வில் ஐந்து நிலைகள். நான்காவது நிலையைத் தொட்டால்தான் தேறியவராகச் சேர்ப்பார்கள். டெக்சஸின் ஸ்டார் தேர்வில் நான்கு நிலைகள். அதில் கீழிருந்து இரண்டாவதான 'அப்ரோச்சஸ்' என்பதையே தேர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'வகுப்புக்குரிய தரத்தை நெருங்குகிறான்' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். எட்டிவிட்டான் என்று அல்ல. நீங்கள் பார்த்த 85 பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதே பள்ளியின் 'மீட்ஸ்', அதாவது தரத்தை எட்டிய நிலைக்கான எண்ணைத் தேடிப் பாருங்கள், கணிசமாகக் குறைந்திருக்கும். அப்போதும் இரண்டு மாநிலத்தையும் ஒரே தராசில் வைத்ததாக ஆகாது.

ஒரே தராசு என்று ஒன்று உண்டு. நேப் என்கிற தேசிய மதிப்பீட்டுத் தேர்வு. 1969-இல் தொடங்கியது, 1990 முதல் மாநில வாரியாகவும் முடிவு வெளியிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 4-ஆம், 8-ஆம் வகுப்புகளில் மாதிரிக்குச் சில மாணவர்களை எடுத்து, எல்லா மாநிலத்துக்கும் ஒரே தேர்வை வைக்கிறார்கள். 2024 தேர்வில் மாசசூசெட்ஸ் முதலிடம், நியூ ஜெர்சி வழக்கம்போல் முன்வரிசை. டெக்சஸ் எட்டாம் வகுப்பு வாசிப்பில் தேசிய சராசரிக்குக் கீழே இருக்கிறது, நான்காம் வகுப்புக் கணக்கில் அப்படி இல்லை. ஆக, உங்கள் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேப் தனி மாணவனுக்கோ தனிப் பள்ளிக்கோ மதிப்பெண் தருவதில்லை. மூன்று கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் சராசரியை வைத்து உங்கள் பையன் உட்காரப்போகும் வகுப்பறையை எடை போட முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். 2009-இல் நேப் நான்காம் வகுப்புக் கணக்கில் விஸ்கான்சினின் சராசரி 244, டெக்சஸின் சராசரி 240. விஸ்கான்சின் மேல் என்று யாரும் சொல்லிவிடுவோம். ஆனால் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஹிஸ்பானியப் பிள்ளைகள் என்று மூன்று பிரிவிலும் டெக்சஸ்தான் மேலே இருந்தது. இது எப்படி? மூன்று பிரிவினரும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறார்கள் என்பது இரண்டு மாநிலத்திலும் வேறு. பல தலைமுறையாக வாய்ப்புக் குறைந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள் டெக்சஸில் அதிகம். சராசரி கீழே போவதற்கு அது போதும். அங்கே ஆசிரியர்கள் மோசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. மாநில ரேங்க் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி-யின் மாநில சராசரியை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். விஸ்கான்சின் மாதிரி மாநிலங்களில் வெகு சிலர், அதுவும் வெளியூர்ப் பெரிய பல்கலைக்கழகங்களைக் குறிவைப்பவர்கள் மட்டும் எழுதுவதால் சராசரி உயரத்தில் நிற்கும். மிச்சிகன் மாதிரி, பள்ளியிலேயே எல்லோரையும் எழுத வைக்கும் மாநிலத்தில் சராசரி இறங்கும். வேறு ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மாநிலத்தை விட்டுவிட்டு, ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டையும், அதற்குள் அந்தக் குறிப்பிட்ட பள்ளியையும் பாருங்கள். வீடு விற்கும் தளங்களில் பள்ளிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்ற எண்ணை மட்டும் நம்பி வீடு வாங்கிவிடாதீர்கள். அதில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த மதிப்பெண்ணோ பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்ற வளர்ச்சிக் கணக்குதான் பள்ளியின் உழைப்பைக் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் குழு நாடு முழுக்க டிஸ்ட்ரிக்ட் வாரியாக இதைக் கணக்கிட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. சராசரியில் பின்தங்கிய சிகாகோ பப்ளிக் ஸ்கூல்களில், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்பு முன்னேறியிருந்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். நீங்கள் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் அதில் எங்கே நிற்கிறது என்று கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

சரி, இப்போது அட்டவணையில் இல்லாத விஷயம். கிளாஸ் ரேங்க், அதாவது ஒரு பள்ளியில் ஒரே ஆண்டு மாணவர்கள் எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் அடுக்கினால் பையன் எத்தனையாவது இடம் என்பது.

டெக்சஸில் 1997 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அந்த மாநிலப் பள்ளியில் வகுப்பின் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே கூட்டம் தாங்காமல் வரம்பை 6 சதவீதமாக்கி, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் இப்படி ஒரு சட்டமே இல்லாததால் உங்களுக்கு இது தோன்றியிருக்காது. ஆனால் உங்கள் மகனின் உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டுகளை ஸ்டார் தேர்வைவிட இதுதான் ஆளும்.

எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் தேடும் பகுதி, டாலஸுக்கு வடக்கே நம் ஆட்கள் நிறையக் குடியேறியிருக்கும் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம். அங்கே ரேட்டிங் உச்சத்தில் இருக்கும் பள்ளியில்தான் போட்டியும் உச்சத்தில் இருக்கும். எல்லாவற்றிலும் ஏ வாங்கும் பிள்ளைகூட முதல் கால்வாசிக்குள் வர முடியாமல் தவிக்கலாம். அதே பிள்ளை கொஞ்சம் சாதாரணமான, ஆனால் ஒழுங்காக நடக்கிற பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்துவிடலாம். அதற்காக வேண்டுமென்றே பலவீனமான பள்ளியைத் தேடிப் போங்கள் என்று சொல்லவில்லை. தானாகக் கிடைக்கும் அந்த இடம் பல்கலைக்கழகத்துக்கான இடம் மட்டும்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஜினியரிங் போன்ற துறைகளுக்கு உள்ளே தனிப் போட்டி உண்டு, அதை ஜெயிக்க நல்ல அடித்தளம் வேண்டும். 2025 சேர்க்கையிலிருந்து ஆஸ்டினில் எஸ்.ஏ.டி அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி தேர்வின் மதிப்பெண்ணும் மறுபடி கட்டாயம். நான் சொல்வது இவ்வளவுதான்: பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அமைதியாகப் படிக்கிற, போட்டியைக் கண்டால் ஒடுங்கிப்போகிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ள ஒரு வகுப்பில் நான்கு வருடம் ரேங்க் துரத்துவது என்ன செய்யும் என்பது எனக்கு முக்கியமான கேள்வி. ரேட்டிங்கைவிட முக்கியமானது.

ரேங்க் என்றதும், படித்த பாடங்களும் மதிப்பெண்களும் பதிவாகும் டிரான்ஸ்கிரிப்ட் ஞாபகத்துக்கு வர வேண்டும். பையன் இப்போது அல்ஜீப்ரா 1 படிக்கிறான் என்றீர்கள். டெக்சஸில் அல்ஜீப்ரா 1, இங்கிலீஷ் 1, இங்கிலீஷ் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகிய ஐந்து பாடங்களுக்கு முடிவுத் தேர்வு உண்டு, பட்டம் பெற அவை தேவை. எட்டாம் வகுப்பில் முடித்த அல்ஜீப்ராவை உயர்நிலைப் பள்ளி கிரெடிட்டாக ஏற்பார்களா, டெக்சஸின் அந்த முடிவுத் தேர்வையும் எழுத வேண்டுமா, அந்த மதிப்பெண் ரேங்க் கணக்கில் சேருமா என்ற மூன்றையும் புதிய பள்ளியின் பதிவாளரிடம் கேளுங்கள். ஃபோனில் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஹானர்ஸ், கல்லூரித் தரத்திலான ஏ.பி போன்ற கடினமான பாடங்களுக்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு என்பதையும் அந்தந்த டிஸ்ட்ரிக்ட்தான் முடிவு செய்கிறது. ஒன்பதாம் வகுப்பு நடுவில் மாறினால் இந்தக் கணக்கெல்லாம் சிக்கலாகும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். எட்டு முடிந்து ஒன்பது தொடங்கும் முன் போவது உங்களுக்கு அமைந்திருக்கும் நல்ல நேரம்.

நேஷனல் மெரிட் என்கிற உதவித்தொகைப் போட்டி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதன் கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நியூ ஜெர்சியுடையது ஆண்டுதோறும் உச்சத்தில் இருப்பவற்றில் ஒன்று. டெக்சஸில் பொதுவாகச் சில புள்ளிகள் குறைவு. நல்லதுதான், ஆனால் அதற்காக ஊர் மாறவோ மாறாமல் இருக்கவோ வேண்டியதில்லை.

சின்னவளுக்கு வருவோம். அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டே முதல் ஸ்டார் தேர்வு. தோற்றால் வகுப்பில் நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். மிசிசிப்பியில் 2013-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது, மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளையை மேலே அனுப்புவதில்லை. கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 49-ஆம் இடத்தில் இருந்த மாநிலம் 2024-இல் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. டெக்சஸிலோ 5, 8-ஆம் வகுப்புகளில் இருந்த அந்த நிறுத்தும் விதியைக்கூட 2021-இல் எடுத்துவிட்டார்கள். பின்தங்கினால் கூடுதல் வகுப்பு வைப்பார்கள், அவ்வளவுதான். அந்தத் தேர்வே நீண்ட நாள் இருக்கப்போவதில்லை. 2027-28 கல்வியாண்டிலிருந்து அதற்குப் பதில் ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகள் வைக்க 2025-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

உடனே செய்ய வேண்டியது தேதிகளைப் பார்ப்பது. உங்கள் ஊரில் பள்ளி முடிய ஜூன் கடைசி ஆகிவிடும், டெக்சஸிலோ ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவார்கள். நடுவில் ஆறேழு வாரம்தான். ஏ.பி, ஹானர்ஸ் பாடங்களுக்கான பதிவு அங்கே வசந்த காலத்திலேயே முடிந்திருக்கக்கூடும். அதனால் வீடு முடிவாகும் முன்பே, பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளின் கவுன்சிலர்களுக்கு எழுதுங்கள். தடுப்பூசிச் சான்று, இந்த ஆண்டு ரிப்போர்ட் கார்டு, அல்ஜீப்ராவின் பாடத்திட்டம் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை அவன் ஆசிரியரிடம் பள்ளி மூடுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள், ஜூலையில் யாரும் கையில் கிடைக்க மாட்டார்கள்.

அந்தக் கவுன்சிலர்களிடமிருந்து வரும் பதில்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்த முறை பேசும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான்கு ஆண்டு அந்த வகுப்பில் உட்காரப்போகிறவன் அவன். அவனுக்கு எந்தப் பள்ளி பிடித்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.