மனைத் தரகருக்கு ரேரா பதிவு: கேள்வி பதில்

2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு, அதாவது ரேராவுக்கு, தமிழ்நாடு 2017 ஜூனில் விதிகள் வகுத்தது. தரகர்களும் வாங்குபவர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: சார், பழைய வீடும் வாடகை வீடும்தான் பார்த்துக் கொடுக்கிறேன். நானும் பதியணுமா?

வேண்டாம். ஆனால் ரேராவில் பதிந்து எண் பெற்ற லேஅவுட்டுக்கு ஒரே ஒரு பார்ட்டியைக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்கினாலும் 9ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம்.

கேள்வி: நான் புரோக்கர் இல்லை. யூடியூபில் மனை வீடியோ போடுவேன். விற்றால் லேஅவுட்காரர் கமிஷன் தருவார். எனக்கென்ன சட்டம்?

உங்களுக்கும் அதே சட்டம்தான். எந்த ஊடகம் வழியாகவும் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கட்டணம் பெறுபவர், என்ன பெயர் வைத்துக்கொண்டாலும், முகவர் என்றே சட்டம் சொல்கிறது. பதியாமல் செய்தால் 62ஆம் பிரிவுப்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது ஏறி ஏறி, நீங்கள் விற்றுக்கொடுத்த மனையின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் பதிந்துகொண்டால் மட்டும் போதாது, லேஅவுட்டும் பதிவாகியிருக்க வேண்டும். பதிய வேண்டிய திட்டத்தைப் பதியாமல் விற்றால், அதற்குத் துணைபோவதை 10ஆம் பிரிவு தடுக்கிறது. 'டிடிசிபி அப்ரூவல் இருக்கு' என்பார்கள். அது நகர் ஊரமைப்பு இயக்ககம் மனைப்பிரிவுக்குத் தரும் ஒப்புதல், ரேரா எண் வேறு. கேமராவை எடுக்கும் முன் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். உங்கள் பேச்சை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கிறது, தம்பி.

கேள்வி: ஓசூரில் இருக்கிறேன், தமிழ்நாட்டில் பதிவு உண்டு. அத்திப்பள்ளியில் மனை விற்றுக் கொடுக்கலாமா?

கூடாது. பதிவு அந்தந்த மாநிலத்துக்குத்தான் செல்லும். அத்திப்பள்ளி கர்நாடகம், அங்கே தனியாகப் பதியுங்கள்.

கேள்வி: மும்பையில் தரகர்களுக்குப் பரீட்சை என்கிறாள் என் தங்கை. உண்மையா சார்?

உண்மைதான். மகாராஷ்டிர ஆணையம் 2023 ஜனவரியில் அந்த உத்தரவைப் போட்டது. பயிற்சி முடித்து, தேர்வில் தேறி, தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே பதிந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. தமிழ்நாட்டுக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் படிக்கத் தெரியாதவர் கையில் பிறர் வாழ்நாள் சேமிப்பு போகக்கூடாது.

கேள்வி: ஃபிளாட் வாங்குகிறோம் அண்ணா. 20 சதவீதம் உடனே கட்டுங்கள், பத்திரம் பிறகு பார்க்கலாம் என்கிறார் தரகர்.

கட்டாதீர்கள் அம்மா. 13ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்க முடியாது. முன்பதிவு செய்யும்போதே திட்டத்தின் தகவல்களும் ஆவணங்களும் உங்கள் கைக்கு வரச்செய்வது தரகரின் கடமை. தன் பதிவு எண்ணையும் அவர் சொல்லியாக வேண்டும். மழுப்பினால் 31ஆம் பிரிவின்கீழ் ஆணையத்திடம் தரகர் மீதே புகார் கொடுக்கலாம். கமிஷன் எவ்வளவு என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால் அதையும் முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.