கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன். இப்போது இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ‘ஹோம்வொர்க்’ என்கிறான். வந்தாலும் கைப்பேசியோடுதான் உட்காருகிறான். தமிழ் ஆராதனை புரியவில்லை, ஆங்கில ஆராதனைக்குத்தான் போவேன் என்கிறான். ‘பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்’ என்ற வசனத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லி, கண்ணீரோடு சத்தமாக ஜெபிக்கிறேன், கேட்டாவது மனம் மாறட்டும் என்று. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஜெபத்தில் ஆர்வம் வர என்ன செய்யலாம்? நல்ல தியானப் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். ‘கேட்டாவது மனம் மாறட்டும் என்று.’ யார் கேட்பதற்காக ஜெபிக்கிறீர்கள்? ஆண்டவர் கேட்பதற்கா, பையன் கேட்பதற்கா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் தெரிந்தவர் வீட்டில் ஒரு பிறந்தநாள். பெண்ணுக்குப் பதினாலு வயது. கேக் வெட்டுவதற்கு முன் அவளுடைய அப்பா ஜெபித்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடத்தில், ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கில் ஏன் இவ்வளவு குறைவாக வாங்குகிறாள் என்று உமக்குத் தெரியும், யாரோடு சேர்ந்துகொண்டு நேரத்தை வீணாக்குகிறாள் என்பதும் உமக்குத் தெரியும்’ என்று போனது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். (ஜெபத்தில் கண்ணைத் திறக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.) அவளும் திறந்துதான் வைத்திருந்தாள். கேக்கின் மேல் சொட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இருபது பேர் ‘ஆமென்’ சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

நேரில் திட்டினால் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசலாம், கதவை அறைந்து சாத்தலாம். ஜெபத்தில் திட்டினால் ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் புகுந்து ‘இல்லைப்பா, அப்படியில்லை’ என்று சொன்னால் தேவ நிந்தனை ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, கடவுளை சாட்சிக்கு வைத்துக்கொண்டு திட்டுகிறோம். அதற்கு நம் வீடுகளில் குடும்ப ஜெபம் என்று பெயர். இதைத் தினமும் ஒன்பது மணிக்கு வந்து வாங்கிக்கொள் என்றால் எந்தப் பையன் வருவான்? ஹோம்வொர்க் எவ்வளவோ மேல்.

கைப்பேசி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆங்கில ஆராதனைக்குப் போகட்டும், விடுங்கள். பள்ளியில் அவன் படிக்கும் தமிழில் ‘தேவரீர்’ இல்லை, ‘கிருபாசனம்’ இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் அழத் தெரியாததற்கு அவன் பொறுப்பல்ல. கீழ்ப்படியச் சொல்லும் வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளிப் பிதாக்களுக்கும் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று. அதையும் அவனுக்குக் காட்டினீர்களா?

சரி, என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். இரண்டு முன்கைகளிலும் புள்ளி புள்ளியாகச் சுட்ட தழும்பு. வீட்டில் அவர் ஜெபிப்பதும் நான் சொன்ன மாதிரிதான். என் மதிப்பெண், என் தலைமுடி, என் சிநேகிதர்கள் எல்லாம் வரிசையாகப் பரலோகத்துக்குப் போகும். பதினாறு வயதில் நான் வாயை அசைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் யாருக்கும் பயப்படாதவர் என்றும், அதனால்தான் இவ்வளவு அதட்டுகிறார் என்றும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். எங்களுடையது வீவக (அரசாங்க அடுக்குமாடி) மூவறை வீடு. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ ஜெபம்பண்ணச் சொல்கிறது மத்தேயு. ஆறு பேர் இருந்த வீட்டில் பூட்டுவதற்கு எந்தக் கதவு? அப்பா சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில், துணி காயப்போடும் மூங்கில் கழிகளுக்குக் கீழே, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விளக்கு போடவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். தேவரீர் எல்லாம் இல்லை. ‘நாளைக்கு அந்த ஃபோர்மேன்கிட்ட பேசணும். பேசலேன்னா ஓவர்டைம் காசு போயிடும். அவனப் பாத்தா எனக்கு வாயே வரல ஆண்டவரே. பயமா இருக்கு.’ அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். மறுநாள் இரவு வழக்கம்போல என் கணக்குப் பாடம் பரலோகத்துக்குப் போனது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மாதம் ஓவர்டைம் காசு வந்ததா என்று தெரியாது. கடைசிவரை கேட்கவில்லை.

‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையில் கனம் என்ற சொல்லை யார் போட்டார்களோ, அவர்களைக் கும்பிட வேண்டும். எபிரெயத்தில் அந்த இடத்தில் வருகிற ‘கபேத்’ என்ற வினைக்கும் வேர்ப்பொருள் பாரம்தான். நம் மொழியிலும் கனம் என்றால் மரியாதை, கனம் என்றால் எடை. அன்று ராத்திரி அப்பா எனக்குக் கனத்தார். அதுவரை அவர் வெறும் சத்தமாகத்தான் இருந்தார்.

இன்னொன்று. இந்தக் கட்டளையைப் பதினைந்து வயதுப் பையனைச் சோபாவில் உட்காரவைக்கும் கயிறாகவே நாம் பயன்படுத்துகிறோம். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு இதை யாரிடம் எடுத்துச் சொல்கிறார் பாருங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடுத்த பெரிய மனிதர்களிடம். வளர்ந்தவர்களுக்கான கட்டளை அது. 1995-ல் நம் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நியமன உறுப்பினராக இருந்த வால்ட்டர் வூன் கொண்டுவந்த மசோதா அது. 60 வயதாகி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர், வளர்ந்த பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சோற்றுக்கும் மருந்துக்கும் சட்டம் போட முடிந்தது. கனத்துக்கு எப்படிப் போடுவது? உங்கள் கடிதத்தில் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் கடைசியாக எப்போது ஃபோன் செய்தீர்கள்? நான் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டேன். பையன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், நீங்கள் காட்டுகிற வசனத்தை அல்ல.

ஒரு மாதம் அவன் முன்னால் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்காதீர்கள். அவனுக்காக அழ வேண்டுமென்றால் சமையலறைக்குப் போங்கள். வேதத்தில் பிள்ளைக்காக அழுத அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள், உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான், நினைத்துவிட்டுப் போகட்டும். ஒன்பது மணி ஜெபத்தில் உங்கள் வேலையிடத்துத் தொல்லையைச் சொல்லுங்கள், உங்கள் முழங்கால் வலியைச் சொல்லுங்கள், யாரிடம் பயப்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். அவன் வராவிட்டால் வராமலே முடியுங்கள். வீவக வீட்டுச் சுவரில் எல்லாம் கேட்கும்.

தியானப் புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஒன்றும் வாங்க வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். ஆறே வசனம். எடுத்த எடுப்பிலேயே ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று சண்டை. ஆங்கிலத்தில் வாசித்தாலும் சரி.