160-இல் நின்றுவிட்ட வேகம்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. நீதிமன்றச் சுருக்கெழுத்து படிக்கும் உங்கள் மகள் நான்கு மாதமாக நிமிடத்துக்கு 160 சொற்களிலேயே நிற்கிறாள், படிப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது மாற்ற வேண்டாம். இந்தப் படிப்பில் எங்காவது ஓரிடத்தில் இப்படித் தேங்கி நிற்காதவர்களை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் அனுப்பிய அவளுடைய பயிற்சித் தாள்களை வரிவரியாகப் படித்தேன். அவள் விரல்கள் மெதுவானவை அல்ல. அவள் தயங்குகிறாள். இரண்டுக்கும் மருந்து வேறு.

சுருக்கெழுத்துக்கான ஸ்டெனோ இயந்திரத்தில் எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை என்பதை வீட்டில் கவனித்திருப்பீர்கள். எண்களுக்கான நீள்பட்டையை விட்டால் இருப்பவை 22 விசைகள்தான். இடக்கை விரல்கள் சொல்லின் முதல் ஒலியையும், கட்டைவிரல்கள் உயிரொலியையும், வலக்கை விரல்கள் இறுதி ஒலியையும் ஒரே அழுத்தில் போட்டுவிடும். ‘டூ யூ ரீகால்’ (உங்களுக்கு நினைவிருக்கிறதா) என்பது போல சாட்சி விசாரணையில் ஓயாமல் வரும் தொடர்களுக்கு ஒரே அழுத்தில் முடியும் குறுக்கங்கள் உண்டு. மாணவர்கள் இந்தக் குறுக்கங்களைத்தான் வேகத்துக்குச் சாவி என்று நம்பி வாரம் ஐம்பது, அறுபது என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

உங்கள் மகளும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தாளில் விடுபட்ட சொற்களையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டேன். வட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாக விழுந்தன. பெரும்பாலான கொத்துகளுக்கு முன்னால் அவள் அண்மையில் கற்ற ஒரு குறுக்கம் இருந்தது. அந்தத் தொடர் காதில் விழுந்ததும் ‘குறுக்கமாகப் போடுவதா, முழுதாக அடிப்பதா’ என்று மனம் ஒரு கணம் நின்றிருக்கிறது. நிமிடத்துக்கு 180 என்றால் நொடிக்கு மூன்று சொல். அரை நொடி யோசித்தாலே ஒன்றரைச் சொல் போயிற்று. போனதைப் பிடிக்கத் திரும்புவதற்குள் அடுத்த வாக்கியமும் போய்விடுகிறது.

ஆகவே மூன்று வாரத்துக்குப் புதிய குறுக்கம் ஒன்றுகூட வேண்டாம். கற்றவற்றில் யோசிக்காமல் கைக்கு வருபவை மட்டும் இருக்கட்டும். மற்றவற்றை ஒலிப்படியே அடிக்கட்டும். ஓர் அழுத்து கூடுவதால் ஆகும் இழப்பு தயக்கத்தால் ஆகும் இழப்பைவிட மிகக் குறைவு.

அடுத்து நான் மன்றாடிக் கேட்பது, வேகத்தையும் துல்லியத்தையும் ஒரே அமர்வில் துரத்த வேண்டாம். இப்போது அவள் 160 வேகத்தில் ஐந்து நிமிடப் பாடங்களையே நாள் முழுவதும் திரும்பத் திரும்ப எழுதுகிறாள். அதே தயக்கம்தான் நாள்தோறும் உரம் பெறுகிறது. காலையில் ஒரு நிமிடப் பகுதி ஒன்றை 190-இல் ஓடவிட்டு எழுதட்டும். பிழையை எண்ண வேண்டாம், கை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். விட்ட சொல் விட்டதுதான். காது அடுத்த சொல்லில் இருக்க வேண்டும். அதே பகுதியை நாலைந்து முறை எழுதிவிட்டு 165-க்கு இறங்கினால் பேசுபவர் மெதுவாகப் பேசுவது போலத் தோன்றும். மாலையில் 130-இல், நிறுத்தற்குறிகளோடு, ஒரு பிழையும் இல்லாமல் எழுதும் அமர்வு தனியாக இருக்கட்டும்.

எழுதியதை வாசித்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு அறவே இல்லை என்று நினைக்கிறேன். கணினி மாற்றித் தந்த ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் திருத்துகிறாள். மூலச் சுருக்கெழுத்துக் குறிப்பை உரக்கப் படித்தால்தான் இரண்டு அழுத்துகள் எங்கே ஒன்றாக ஒட்டிக்கொண்டன, எந்த விரல் பின்தங்குகிறது என்பது கண்ணில் படும். நாளுக்கு இருபது நிமிடம் இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். எண்களுக்கும் பெயர்களுக்கும் தனிப் பயிற்சி வேண்டும், அது பிறகு.

தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் நேஷனல் கோர்ட் ரிப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் நடத்தும் ஆர்.பி.ஆர். (ரெஜிஸ்டர்டு புரொஃபஷனல் ரிப்போர்ட்டர்) சான்றிதழுக்கு மூன்று வேகத் தேர்வுகள் உண்டு. உரைநடை 180, நடுவர் குழுவுக்கு நீதிபதி தரும் அறிவுரை 200, கேள்வி-பதில் சாட்சியம் 225. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், 95 சதவீதத் துல்லியம். 200 வேகத்தில் ஐந்து நிமிடம் என்றால் ஆயிரம் சொல். அதில் ஐம்பது பிழை வரை இடம் இருக்கிறது. முழுமை வேண்டும் என்று அவள் தன்னையே வதைத்துக்கொள்ளத் தேவையில்லை. மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, தனித்தனியாகத் தேறலாம். 225 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். சாட்சியத்தில் ஒரே மாதிரித் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். பலருக்கு 180 உரைநடைதான் கடினம், ஏனென்றால் அதில் சொற்கள் அடர்த்தியானவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் மாலையில் “இன்று எவ்வளவு வேகம் வந்தது?” என்று கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தாள். அன்பால்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அவள் விரலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, “இன்று எழுதியதில் ஒரு பக்கம் படித்துக் காட்டு” என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குப் பயிற்சி. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

இப்படி ஆறு மாதம் செய்தும் 160 அசையாவிட்டால் மறுபடி பேசுவோம். அப்போதும் கற்றது வீணாகாது. சுருக்கெழுத்தர்களின் பிரதிகளைத் திருத்தித் தரும் ஸ்கோப்பிஸ்ட் வேலைக்கு இந்த அறிவு அப்படியே பயன்படும். மூன்று வாரம் கழித்து, சிவப்பு வட்டமிட்ட புதிய தாள்கள் ஐந்து அனுப்புங்கள். இந்த முறை வட்டங்களை அவளே போடட்டும்.