ஆயிரமும் பதினெட்டாயிரமும்

அன்புள்ள ஐயா,

நலத்திட்டங்களை ஆதரித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் மனைவி அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் வந்த செவிலியர். தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் இல்லாத ஒரே தொகை, மாதம் 18,000 ரூபாய். எனக்குத் தனியார் கம்பெனியில் பதினாலாயிரம். எங்கள் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது என்று மகளிர் உரிமைத் தொகைக்கான மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எங்கள் தெருவில் வேலைக்கே போகாத பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் வருகிறது. இவள் இரவெல்லாம் கண்விழித்துவிட்டு வந்து சமைக்கிறாள். "இலவசத்துக்குப் பணம் இருக்கிறது, நர்ஸுக்குக் கொடுக்க இல்லையா" என்று உச்ச நீதிமன்றமே கேட்டதே! இது எந்த ஊர் நியாயம்? சவூதிக்கு அனுப்பிவிடு என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து என்ன? (என் பெயரைப் போட வேண்டாம். அவள் வேலைக்குப் பாதகம் வரக்கூடாது.)

ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி முழுக்க நியாயம். அந்தப் பாதியை முதலில் பேசிவிடுகிறேன்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் ஏழாயிரத்துக்கும் அதிகமான செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்தது. தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு போனால் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளருக்கான சம்பளத்துக்கு, வந்துவிடலாம் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். பிறகு, காலியிடம் வந்தால்தான் நிரந்தரம் என்றார்கள். 7,700 பதினாலாயிரம் ஆனது. 2022இல் பதினெட்டாயிரம் ஆனது. இந்தப் படிகளில் எதுவும் தானாக வரவில்லை. சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் சீருடையோடு உட்கார்ந்து, போலீஸ் வேனில் ஏறி இறங்கி வாங்கியவை. கொரோனாக் காலத்தில் அவசரமாக எடுத்த இரண்டாயிரத்துச் சொச்சம் செவிலியர்களின் கதை இன்னும் மோசம். 2022 டிசம்பர் 31ஓடு வேலை முடிந்தது என்று ஓர் ஆணையில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பு, பி.பி.இ. என்ற முழுக் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள் அவர்கள்.

உங்கள் மனைவியின் வார்டை எடுத்துக்கொள்வோம். நைட் டியூட்டியில் இரண்டு செவிலியர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள், ஒருவர் நிரந்தரம், ஒருவர் தொகுப்பூதியம். ஹேண்ட்ஓவர் நோட் ஒன்றுதான். ஆன்டிபயாடிக் போடும் நேரம், டிரிப்ஸ் மாற்றுவது, விடியற்காலை ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவது, நோயாளியின் உறவினர் கத்தினால் வாங்கிக்கொள்வது, எல்லாம் ஒன்றுதான். ஊசி போட வருபவர் எந்தச் சம்பளக்காரர் என்று நோயாளிக்குத் தெரியாது. மாதக் கடைசியில் மட்டும் ஒருவருக்கு மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம். அகவிலைப்படி, ஈட்டிய விடுப்பு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் அவருக்கு மட்டும். கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்வதே வேலையாக இருக்கும் ஒப்பந்தச் செவிலியர்கள் தங்கள் பேறுகால விடுப்புக்குச் சம்பளம் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

தற்காலிகப் பணியாளர் என்றாலும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் மாநில வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மனைவியின் சம்பளத்தை ஒப்பிட வேண்டியது பக்கத்துக் கட்டிலருகே நிற்கும் நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தோடு. நீங்கள் எதிர் வீட்டம்மாவின் ஆயிரத்தோடு ஒப்பிடுகிறீர்கள். உங்கள் கோபத்தின் மறு பாதியோடு எனக்கு வழக்கு இருப்பது இங்கேதான்.

உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் கேட்ட கேள்வியும் அரசைப் பார்த்துக் கேட்டது. ஒப்பந்தச் செவிலியர்களுக்குச் சம ஊதியம் கொடுக்க நிதியில்லை, தேசிய சுகாதாரத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கும் இருக்கிறது என்றெல்லாம் தமிழக அரசு வாதாடியபோது வந்த கேள்வி அது. ஆயிரம் ரூபாயைப் பறித்து நர்ஸுக்குக் கொடு என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை. வாட்ஸப்பில் அது அப்படித்தான் சுற்றியது.

கணக்கையே பார்த்துவிடுவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. தொகுப்பூதியச் செவிலியர்கள் எட்டாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் இருபத்தைந்தாயிரம் கூட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கு 240 கோடி ஆகிறது. உரிமைத் தொகையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. ஆயிரத்தை நிறுத்தினால்தான் செவிலியருக்குக் கொடுக்க முடியும் என்பது கணக்கிலேயே நிற்காத பேச்சு. அரசு மனம் வைத்தால் ஆயிரத்தைத் தொடாமலே கொடுக்கலாம். மனம் வைக்காத அரசு ஆயிரத்தை நிறுத்தினாலும் அந்தப் பணத்தைச் செவிலியருக்குத் தராது, வேறு எதற்கோ போகும்.

அந்த இருபத்தைந்தாயிரத்தை இன்னொரு விதமாகவும் பாருங்கள். நிரந்தரச் செவிலியரைவிடக் குறைவாக வாங்கி, உங்கள் மனைவி மாதாமாதம் அரசுக்கு விட்டுக்கொடுக்கும் தொகை அது. பத்து மாதத்தில் இரண்டரை லட்சம். இலவசம் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இங்கே பயன்படுத்துங்கள்.

இனி அந்த வேலைக்கே போகாத பெண்கள். பதினைந்தாம் தேதியை ஒட்டி ஏதாவதொரு சிற்றூர் ஏ.டி.எம். வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நூறுநாள் வேலைக்கு அட்டை வைத்திருந்தும் வேலை கிடைக்காதவர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை விட்டு நகர முடியாதவர், முழங்கால் போய்ச் சித்தாள் வேலையை விட்டவர் என்று வரிசை நிற்கும். எடுத்த பணம் சிலிண்டருக்கும் பிள்ளையின் பஸ் செலவுக்கும் குழுக் கடன் தவணைக்கும் அன்றைக்கே பிரிந்துவிடும். மாமியாருக்கு இரவில் பெட்பேன் வைத்து, புண் வராமல் புரட்டிப் போடுகிற அந்த மருமகள் செய்வதும் செவிலியர் வேலைதான் நண்பரே. வார்டில் உங்கள் மனைவி செய்வதை அவர் வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிறார். எதிர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.

இரண்டரை லட்சம் என்ற வரம்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். முப்பத்திரண்டாயிரத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக என்ன மிஞ்சும் என்பது தெரிந்ததுதான். வரம்பை உயர்த்தக் கேட்பது நியாயமான கோரிக்கை, தயங்காமல் கேளுங்கள்.

நலத்திட்டங்கள் யார் கைவழியாக மக்களுக்குப் போகின்றன என்பதையும் யோசியுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கும் உதவி மொத்தம் 18,000 ரூபாய், உங்கள் மனைவியின் ஒரு மாதச் சம்பளம். பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் செவிலியர்கள். அவர்களில் எத்தனையோ பேர் தொகுப்பூதியக்காரர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் பெண்களுக்கு 4,500 ரூபாயில்தான் சம்பளம் ஆரம்பித்தது. தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டதால் குறைந்தபட்ச ஊதியம் என்ற பேச்சே எழவில்லை. நலத்திட்டங்களை ஆதரிக்கிறவன் என்பதால்தான் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: பெண்களின் மலிவான உழைப்பில் பெண்களுக்கான திட்டத்தை நடத்துவது எனக்கு ஏற்புடையதல்ல.

தனியாரில் நிலைமை இதைவிடக் கீழே. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் குழு 2016இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018இல் அந்த 20,000ஐக் குறைந்தபட்ச ஊதியமாக வாங்கினார்கள். இங்கே அந்தப் பரிந்துரை காகிதத்தில் கிடக்கிறது.

சவூதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் மனைவி எடுக்க வேண்டிய முடிவு. அவர் போக விரும்பினால், தெரியாத ஏஜென்டிடம் முன்பணம் கட்டாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களை அனுப்புகிறது, அங்கே விசாரியுங்கள். போகாமல் இங்கேயே இருப்பதென்றால், பணி நியமன ஆணை, டியூட்டி ரோஸ்டர், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருவரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள் என்பதை நீதிமன்றத்தில் காட்டப்போவது அந்த ரோஸ்டர்தான். சங்கத்தில் சந்தா கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்த மாதமே கட்டட்டும். அடுத்த போராட்டத்துக்கு அவர் கிளம்பும் நாளில் நீங்கள் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டம்மாவிடம் கேட்டாலும் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்